கை டூட்டி

ஓமானின் சோஹார் நகரில் எங்கள் கல்லூரி இருக்கிற கட்டடத்தை முதல்முறை பார்க்கிற யாரும் அதைக் கல்லூரி என்று நம்ப மாட்டார்கள். கீழே ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கல்யாண கவுன் வாடகைக்குக் கொடுக்கும் கடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற படியில் ஏறி வந்தால் நாங்கள். இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் மாணவர்கள். மலையாளி, தமிழர், வங்காளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ எல்லாரும் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் ஃபீஸ் கட்ட முடியாதவர்களும் வந்து சேர்கிற இடம். நான் அங்கே பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இல்லை என்று மறுக்கப் போனாலே அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும் என்பதால் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஒருநாள் டீன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்து வரும்.

"டீச்சர், ஒரு நல்ல காரியம் உண்டு. நம்ம மைனாரிட்டி ஆயாச்சு" என்றார்.

விஷயம் இதுதான். உடல் குறைபாடு, மறுவாழ்வு சம்பந்தமான ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கிற அமைப்பு ஒன்று, அந்த முறை ஒரு பங்கைச் சிறுபான்மையினர் படிக்கிற சின்னக் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கியிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருச்சியில் நான் படித்தது சிறுபான்மையினர் நடத்திய கல்லூரி. அங்கே வகுப்பில் முக்கால்வாசி என்னைப் போன்ற பெரும்பான்மைதான். கடல் தாண்டி வந்த பிறகுதான் நானே சிறுபான்மையானேன். அதனால் ஒரு நன்மை விளையும் என்று யார் கண்டது?

அதுவரை ஆராய்ச்சிப் பணம் கேட்டு நாங்கள் எழுதிப்போட்டதெல்லாம் ஒரே பதிலோடுதான் திரும்பி வந்திருந்தது. உங்கள் கல்லூரிக்கு ஆராய்ச்சி அனுபவம் இல்லை என்பார்கள். பணம் தந்தால்தானே ஆராய்ச்சி செய்ய முடியும் என்று கேட்டால், ஆராய்ச்சி செய்தவர்களுக்குத்தான் பணம் என்பார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இப்போது முதல்முறையாக யாரோ எங்கள் படியைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. வெறும் காகிதத் திட்டம் போதாது, சிறிய அளவிலாவது வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும், மக்கள் வந்துகொண்டிருக்க வேண்டும், அதை நேரில் வந்து பார்ப்பார்கள்.

என் மனதில் ரொம்ப நாளாக ஒரு எண்ணம் இருந்தது. துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற பைப் யார்டுகளிலும் சைட்டுகளிலும் கையில் அடிபட்டவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைத்து, தையல் பிரித்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. விரலை மடக்கவும் பிடிக்கவும் திரும்பப் பழக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நாள்கணக்கில் ஆள் வேண்டும். டூட்டி முடிந்து சாயங்காலம் அவர்கள் வந்தால் நாங்கள் பயிற்சி கொடுக்கலாம், எங்கள் பிள்ளைகளும் தொழில் கற்றுக்கொள்ளலாம், எந்தப் பயிற்சி எந்தக் கைக்கு உதவுகிறது என்று அளந்தும் பார்க்கலாம். அதுதான் என் ஆராய்ச்சி.

டீன் மூலை அறையைக் கொடுத்தார். கொடுக்கும்போதே கணக்கையும் சொல்லிவிட்டார்.

"மேனேஜ்மென்ட் இந்த ரூமை அபாக்கஸ் க்ளாஸுக்குக் கொடுக்கப் போகுது டீச்சர். நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு செமஸ்டர் வாங்கினேன். ஃபண்ட் கிட்டினா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா அபாக்கஸ்."

என்னோடு வேலை செய்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று அவளுக்கு ஒரு நீளமான பதவி. எல்லா வேலைக்கும் அவள்தான். ஜெராக்ஸ் மெஷினை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவள் எங்கள் கல்லூரியில் அவள் ஒருத்திதான். அவள் லீவில் இருந்த ஒரு வாரத்தில் நானே உட்கார்ந்து தமிழில் ஒரு போஸ்டர் எழுதினேன். 'கை மறுவாழ்வு மையம். அனுமதி இலவசம்.' தமிழ் மெஸ்ஸிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் தையல் கடையிலும் ஒட்டிவிட்டு வந்து, அறையைக் கூட்டித் துடைத்துக் காத்திருந்தேன்.

ஈ, காக்கா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கடைசியில் ஒருவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேடம், எங்க ரூம்ல ஒருத்தன் இருக்கான். வெள்ளிக்கிழமை ஆனா எங்கயாச்சும் தேடிப் புடிச்சுக் குடிச்சிட்டு வந்துர்றான். இங்க சேத்துக்குவீங்களா? கம்பெனிக்குத் தெரியக் கூடாது."

"இது கைக்குப் பயிற்சி குடுக்குற இடம்ங்க."

"மறுவாழ்வு மையம்னா குடிய விட வைக்கிறதுதானங்க? நம்ம ஊருல எல்லாம் அப்படித்தான?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஆமாம், நம் ஊரில் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் அந்த விளம்பரம்தான். கையில் அடிபட்ட மனிதன், பத்துப் பேர் பார்க்க, குடிகாரர்களுக்கான படியில் ஏறுவானா? அதுவும் இந்த நாட்டில்?

உடனே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் யோசித்து, கம்பீரமாக ஒரு சொல்லைப் பிடித்தேன். 'கைப் புனர்வாழ்வு நிலையம்.' இலங்கைத் தமிழர்களும் வருவார்களே, அவர்கள் சொல்லாகவும் இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. லீவு முடிந்து வந்தவள் அந்தத் தாளைப் பார்த்தாள்.

"அக்கா, உதை ஆர் எழுதினது?"

"நான்தான். ஏன், தப்பா?"

"எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை. ஆனா உதை ஒட்டினால் எங்கட சனம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வராயினம்" என்றாள். "சண்டை முடிஞ்ச பிறகு பிடிச்சவையைக் கொண்டுபோய் வைச்ச இடத்துக்கு அதுதான் பேர். என்ர அண்ணாவும் கன நாள் புனர்வாழ்வில இருந்துதான் வந்தவர்."

நான் அந்தத் தாளை மடித்து வைத்தேன். அப்படியென்றால் பழைய மறுவாழ்வையே வைத்துக்கொள்ளலாமா, குடி சமாச்சாரத்தை எப்படியாவது விளக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"என்ர சித்தி திருச்சிக்குப் பக்கத்தில அகதி முகாமில இருக்கிறா. இப்ப அதுக்கு மறுவாழ்வு முகாம் எண்டு பேர் மாத்தியிருக்கினம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "வாழ்வுக்கு முன்னால நீங்கள் எந்தச் சொல்லை ஒட்டினாலும் எங்களுக்கு அது முகாம்தான் அக்கா."

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த முகாமைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். அப்போதெல்லாம் ஜன்னல் சீட்டுக்குத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

மாற்றுத்திறனாளி என்ற சொல்லையும் முயன்று பார்த்தோம். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் படித்துக் காட்டினால், "பஸ்ல தனியா சீட்டு குடுப்பாங்களே, அவங்களாங்க? எங்க கம்பெனி பஸ்ல எல்லாத்துக்கும் சீட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு குரங்குகூட வரவில்லை. செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. அபாக்கஸ் டீச்சர் ஒருநாள் வந்து அறைக்கு ஜன்னல் திரை என்ன நிறத்தில் போடலாம் என்று அளந்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வகுப்பில் எல்லாரையும் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் போஸ்டர் எதுவும் இல்லாமல்தான் முதல் ஆள் வந்தார். சூப்பர் மார்க்கெட் கவுன்டரில் ஒருவர் இடது கையாலேயே பர்ஸைத் திறந்து, இடது கையாலேயே சில்லறை எடுத்து, வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமலே நிற்பதை என் யாழ்ப்பாணத்துக்காரி பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, உங்கட கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

"அப்ப அந்த ஒண்டுமில்லாத கையை ஒருக்கா கொண்டு வாங்கோ, பாப்பம்."

மறுநாள் கொண்டுவந்தார். புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர், பைப் யார்டில் வேலை. பைப் உருண்டு வந்து கையை நசுக்கியிருந்தது. எலும்பெல்லாம் நன்றாகவே சேர்ந்திருந்தது. ஆனால் விரல்கள் முழுவதும் மடங்கவில்லை, எதையாவது பிடித்தால் கை நடுங்கியது. கம்பெனி அவரை ஸ்டோரில் லைட் டூட்டி போட்டிருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல.

"இது எந்த லிஸ்ட்லயும் வராதுல்லங்க?"

எனக்குப் புரிந்தது. இங்கே விசா புதுப்பிக்கும்போது மெடிக்கல் பார்ப்பார்கள். ஃபிட் என்றால் இருக்கலாம், அன்ஃபிட் என்றால் ஊருக்கு டிக்கெட். அதனால் எங்கள் ஆட்களின் காதில் அன்ஃபிட் என்பது வியாதியின் பெயராக விழுவதில்லை, விமானத்தின் சத்தமாகத்தான் விழும். பெயர் எழுத மாட்டோம், கம்பெனிக்குச் சொல்ல மாட்டோம் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் கையை மேசைமேல் வைத்தார்.

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கக் களிமண் மாதிரி ஒன்று விற்கிறார்கள். அதன் விலைக்கு ஆட்டுக்கறியே வாங்கலாம். நாங்கள் கோதுமை மாவு வாங்கினோம். கூடவே துணி க்ளிப், ரப்பர் பேண்ட், நட்டு, போல்ட்டு. மாவைப் பிசைந்து, உருட்டி, விரல்களுக்கு இடையில் பிதுக்க வேண்டும். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் அவர் கேட்டார்.

"இந்த மாவ என்னங்க பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுருவோம்."

"அய்யய்யோ" என்று எழுந்தே விட்டார். மறுநாளிலிருந்து கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவைத் தொட்டார், போகும்போது டப்பாவில் எடுத்துக்கொண்டும் போனார். அவருடைய ரூமில் இருந்தவர்கள் அன்றிலிருந்து எங்கள் ஆராய்ச்சியைத்தான் சப்பாத்தியாகச் சாப்பிட்டார்கள். ஆராய்ச்சி நெறிமுறைகளில் இதற்கு இடம் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பெயர் வைத்ததும் அவர்தான். தினமும் சாயங்காலம் எங்கே கிளம்புகிறாய் என்று அவருடைய ஃபோர்மேன் மடக்கியிருக்கிறார். இவர் பழக்கதோஷத்தில் "டூட்டி" என்று சொல்லியிருக்கிறார். டூட்டிதான் முடிந்துவிட்டதே, இது எந்த டூட்டி என்று அவர் விடவில்லை. "கை டூட்டி பாய்" என்றாராம். ஃபோர்மேன் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார். டூட்டி என்றால் இங்கே மறுபேச்சே கிடையாது.

அதை அவர் சொல்லச் சொல்ல நானும் யாழ்ப்பாணத்துக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அகராதியையெல்லாம் புரட்டியும் கிடைக்காத சொல். லைட் டூட்டி போடப்பட்டவனுக்கு, சும்மா உட்காரவைக்கப்பட்டவனுக்கு, டூட்டி என்று சொல்லிக்கொண்டு சட்டை மாற்றிக் கிளம்ப ஒரு இடம். அன்றைக்கே எழுதி ஒட்டினோம். 'கை டூட்டி. தினமும் மாலை. மாடிப்படி ஏறி வரவும்.'

வந்தார்கள். முதலில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பிலிருந்து, பிறகு பக்கத்துக் கேம்பிலிருந்து. இலங்கை மலையகத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா, கொதிக்கிற எண்ணெய் கொட்டிச் சுருங்கிய கையோடு வந்தார். அவரைப் பார்த்துத்தான் என் மாணவிகள் பயப்படாமல் தொடப் பழகினார்கள். "டூட்டிக்கு லேட்" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு வருவார்கள். மாவு மூட்டை சீக்கிரம் தீர்ந்தது, கேம்புகளில் சப்பாத்தி அலுத்துப்போனது. எத்தனையோ வருஷமாக நான் வேலை பார்க்கிறேன், அந்தச் சாயங்காலங்கள் மாதிரி சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் ஒரு பயமும் கூடவே இருந்தது. யாரும் வராதபோது அறை போனால் எனக்கு மட்டும்தான் வருத்தம். இப்போது போனால், பாதி மடங்கிய விரல்கள் பாதியிலேயே நின்றுவிடும்.

பணம் தருகிற அமைப்பு பார்வையிட வருகிற நாள் வந்தது. வந்தவர்கள் இருவர். ஒருவர் மஸ்கட்டிலிருந்து வந்த ஓமானி பேராசிரியை. அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிற பெண்மணி. இன்னொருவர் லேப்டாப்போடு வந்த இளைஞர், சோஹார்க்காரர், இந்தி நன்றாகப் பேசினார். நான் திட்டத்தை விளக்கினேன். இளைஞர் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு, கலந்துகொள்பவர்களிடம் நேரடியாகவே கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

புதுக்கோட்டைக்காரர்தான் வரிசையில் முதலில் இருந்தார்.

"பாய், ஹாத் மே குச் தக்லீஃப் ஹை?" கையில் ஏதாவது கஷ்டம் உண்டா என்று இளைஞர் இந்தியில் கேட்டார்.

"நை சாப். ஃபிட் ஹை."

அடுத்தவர். "முஷ்கில் மாஃபி சாப். ஏக்தம் ஃபிட்." பிரச்சினையே இல்லை, முழு ஃபிட்டாம்.

அதற்கடுத்தவர் கேள்வி வருவதற்கு முன்பே "ஃபிட்" என்றார். மலையகத்து அக்கா, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "எனக்கு ஒன்னுமில்லீங்களே" என்றார். இளைஞரின் லேப்டாப்பையும் வெள்ளைச் சட்டையையும் கண்டதும் எல்லாருக்கும் மெடிக்கல் ஞாபகம் வந்துவிட்டது. இளைஞர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உடல் குறைபாட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிறீர்கள், இங்கே குறைபாடு உள்ளவர் ஒருவர்கூட இல்லையே என்று மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று என் மேசையில் அழுதவரே 'ஏக்தம் ஃபிட்' என்கிறார். கோபத்துக்குக் கீழேயே பாவமாகவும் இருந்தது. அவர்கள் பொய்யை நான் உடைத்தால் அறை பிழைக்கும். ஆனால் பெயர் சொல்ல மாட்டேன், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொன்னது இதே வாய்தானே. டீன்தான் நிலைமையைச் சமாளிக்க, "முதல்ல கஹ்வா குடிக்கலாம், கஹ்வா" என்று அரபுக் காபிக்குக் கையைத் தட்டினார்.

அரசு அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் கல்லூரியில் ஒரு ஓமானி பெரியவர் உண்டு. விருந்தாளி வந்தால் காபி ஊற்றுவது தன் உரிமை என்று நினைப்பவர். பேரீச்சம்பழமும் அல்வாவும் வைத்துவிட்டு, இடது கையில் கூஜாவும் வலது கையில் பிடியில்லாத குட்டிக் கிண்ணங்களுமாக வந்தார். விருந்தாளிகளுக்குக் கொடுத்தபின் எங்கள் ஆட்களுக்கும் கொடுத்தார். அவர் மனதில் எல்லாரும் விருந்தாளிகள்தான்.

புதுக்கோட்டைக்காரரின் வலது கை பையிலேயே இருந்தது. கிண்ணம் முன்னால் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிடம் தவித்தார். பெரியவர் ஒருவர் நீட்டுவதை இடது கையால் வாங்க நம் ஆளுக்கு மனசு வருமா? இந்த ஊரிலும் அது மரியாதை இல்லை. வலது கையை எடுத்து வாங்கி, குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் குடிக்கும் ஆசையில் அதை நீட்டினார். நீட்டிய கையில் கிண்ணம் ஆடியது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. காபி போதும் என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள், கிண்ணத்தை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுப்பார்கள். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் ஊற்றுங்கள் என்று அர்த்தம். பெரியவர் ஆடிய கிண்ணத்தை மரியாதையோடு வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். அவர் கிண்ணமும் ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்தியர்களுக்குக் காபி ஊற்றுகிறேன், கிண்ணத்தை ஆட்டத் தெரிந்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பேராசிரியையிடம் அரபியில் புகழ்ந்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்று புதுக்கோட்டைக்காரர் என் பக்கம் குனிந்தார். "ஏங்க அவரு பிடுங்கிட்டுப் போயிட்டாரு? நான் இன்னொண்ணு கேக்கத்தானங்க நீட்டுனேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. வழக்கத்தைச் சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். பேராசிரியை ஆங்கிலத்தில், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"சொல்லலாமா?" என்று அவரிடம் கேட்டேன். "நீங்க வேணாம்னா சொல்ல மாட்டேன்."

யாழ்ப்பாணத்துக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு நேராக அந்த அம்மாளைப் பார்த்தே தமிழில் பேசினார்.

"சொல்லுங்க மேடம். நான் ஆட்டலைங்க, அதுவா ஆடுது. கை சரியில்லதான். அன்ஃபிட்னு மட்டும் எழுதிராதீங்கன்னு சொல்லுங்க."

சொல் மாறாமல் மொழிபெயர்த்தேன். பேராசிரியை எழுந்தார். பெரியவர் கையிலிருந்து கூஜாவை வாங்கி, தானே புதுக்கோட்டைக்காரருக்கு ஊற்றினார். பிறகு அரபியில் ஒன்று சொன்னார். அதைப் பெரியவர் இந்தியில் சொன்னார்: இந்த அறையில் மட்டும் கிண்ணம் ஆடுவது கணக்கில்லை, போதுமென்றால் வாயால் கலாஸ் என்று சொன்னால் போதும். நம்மவர் கலாஸே சொல்லவில்லை. அந்த அம்மாள் ஊற்ற ஊற்றக் குடித்தார். அப்புறம் கிண்ணங்கள் வரிசையாக நீள ஆரம்பித்தன, ஒவ்வொன்றும் ஆடிக்கொண்டு.

அதன்பிறகு வாய்கள் திறந்துகொண்டன. ஒருவருக்கு லுங்கியை இறுக்கிக் கட்ட முடியவில்லையாம். இன்னொருவர் சோறு பிசைய வராமல் ஸ்பூனால் சாப்பிடுகிறார், மெஸ்ஸில் அவருக்கு 'தொர' என்று பட்டப்பெயர். மலையகத்து அக்காவின் விரலைச் செல்போன் அடையாளம் காண மறுக்கிறதாம், மகளோடு பேசவும் வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் திறக்க வேண்டியிருக்கிறது. இளைஞர் தட்டித் தட்டிக் களைத்துப்போனார். இதையெல்லாம்தான் நான் அளக்கப்போகிறேன், கை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை மட்டும், ஃபிட், அன்ஃபிட் என்ற இரண்டு சொல்லும் எங்கள் ஆராய்ச்சியில் எங்கேயும் வராது என்றேன். பேராசிரியை, பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிடைக்காவிட்டாலும் என்ற பாதிதான் எனக்கு ராத்திரியெல்லாம் கேட்டது. செமஸ்டர் முடிகிற வாரம் வரை ஒரு தகவலும் இல்லை. அபாக்கஸ் டீச்சர் திரைத்துணியே வாங்கிவிட்டார், மஞ்சள் நிறம். நான் ஆட்களிடம் எதுவும் மறைக்கவில்லை, அடுத்த வாரம் அறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டேன். "இந்த ரூம் இல்லன்னா மாவ எங்க ரூமுக்கே வாங்கிட்டுப் போயி பிசையிறோம்ங்க" என்று அவர்கள்தான் எனக்குத் தைரியம் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, அன்றைக்கு யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.

கடைசி நாளுக்கு முந்திய சாயங்காலம் டீன் வாசலில் வந்து நின்றார். மாவு ஒட்டும் என்பதால் அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு ஷூவோடு உள்ளேயே வந்துவிட்டார்.

"டீச்சர், கிட்டி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன், என் மாணவிகள் முன்னாலேயே அழுதேன். யாழ்ப்பாணத்துக்காரி "ஓமோ, உண்மையாவோ?" என்று டீனையே பிடித்து உலுக்கிவிட்டாள். ஆட்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மேடம், என்ன ஆச்சு?" என்றார் புதுக்கோட்டைக்காரர்.

"பணம் வந்துருச்சுங்க. இந்த ரூம் இனிமே நம்ம ரூம். உங்க கைய யாரும் ஃபிட்டா அன்ஃபிட்டான்னு கேக்க மாட்டாங்க. எழுதிக் குடுத்துட்டாங்க."

அவர் கையிலிருந்த மாவை மேசைமேல் வைத்தார். நடுங்குகிற விரல்களைத் தூக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இனிமே தைரியமா நடுங்கலாம்னு சொல்லுங்க!"